கொட்டகையில் புகையிலை வாசம்

2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். மழை இல்லை, ஆனால் வானம் திறக்கவும் இல்லை. சிறுமலை இடுப்புக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. காற்று அசையவில்லை. அந்த நேரத்தில்தான் நான் என் மச்சினனைப் பார்த்து, "வாயத் தொற மாப்ளே" என்று சொன்னேன்.

எழுபத்து மூன்று வயதுக்காரன் ஐம்பத்தெட்டு வயதுக்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. அதிலும் அவனிடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் அவனுக்கு வாயில் ஆபரேஷன் நடந்தது. முப்பது வருடமாக வலது கடைவாயில் புகையிலையை அடக்கி வைத்ததில் கன்னத்தின் உட்புறம் தோல்வார் போலக் கெட்டித்துப் போய், ஓரிடத்தில் ஆறாத புண்ணும் வந்துவிட்டது. புண்ணை எடுத்துத் தைத்து, பிறகு முப்பது நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்து அனுப்பினார்கள். இனிமேல் ஒரு சிட்டிகை போட்டாலும் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவன் வாய் முழுசாகத் திறப்பதில்லை. இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டு ஓரமாகத் தள்ளித்தான் சாப்பிடுகிறான்.

அவனைத்தான் வாயைத் திறக்கச் சொன்னேன். காரணம், ஐந்து நாட்களாக எங்கள் வைக்கோல் கொட்டகைக்குள் புகையிலை வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாணார்பட்டிக்குக் கிழக்கே, எங்கள் வீடும் மச்சினன் வீடும் ஒரே சுற்றுச் சுவருக்குள் இருக்கின்றன. என் மனைவியின் தம்பி அவன். ஆபரேஷனுக்கு முன் லாரியில் பாரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த வேலை முடியவில்லை. இப்போது அவர்களுக்கு வருமானம் என்றால் ஐந்து கறவை மாடுகள்தான். அவனும் அவன் மனைவியுமாகக் கறந்து இரண்டு வேளையும் சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள். எங்கள் கிணறு மாசி பிறந்ததும் அடங்கிவிடும், பசும்புல் நின்றுவிடும். அதிலிருந்து ஆனி வரைக்கும் மாடுகளை நிறுத்தி வைப்பது வைக்கோல் ஒன்றுதான். முந்தைய கோடையில் வைக்கோல் பாதியில் தீர்ந்துபோய் இரண்டு மாடுகளை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். ஏழு ஐந்தானது அப்படித்தான். "இந்த வருசமும் வைக்கலு பத்தலைன்னா தொழுவத்தக் கழுவிவிட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருவேன் மச்சான்" என்று பொங்கலன்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு உதட்டோடு நின்றது. அவன் வாயில் எல்லாச் சிரிப்பும் அப்படித்தான் நிற்கும் என்பதால் எனக்கு எதுவும் புரியவில்லை. அன்றிரவு யோசித்தபோது புரிந்தது. வைக்கோல் வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். வயலில் கயிறு கட்டி ஒரு சதுரத்தை அறுத்து நெல்லை நிறுப்பது, ஊர் ஊராகப் போய் ஆடு மாடு கோழிகளை எண்ணுவது, இதெல்லாம் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கண் தானாக எண்ணிவிடுகிறது. அதை நிறுத்த நான் முயன்றதில்லை. என் மனைவி முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வத்தலக்குண்டுப் பக்கம் நெல் போட்டிருந்த ஒரு சம்சாரியிடம் கட்டு நூற்றுத் தொண்ணூறு ரூபாய் என்று பேசி முடித்தேன். மிஷினில் அறுத்த நெல். வைக்கோலையும் மிஷினே உருளை உருளையாகக் கட்டிப் போட்டுவிடும். பேசின மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை பெய்தது. திங்கட்கிழமை காலையில் அவர் போன் செய்தார்.

"சார், வைக்கலு கொஞ்சம் நனைஞ்சுபோச்சு. பிரிச்சுக் காயப் போட்டு மறுக்கா கட்டித் தாரேன், ஒரு வாரம் பொறுங்க. இப்பவே வேணும்னா நூத்தி அறுபத்தஞ்சுக்கு எடுத்துக்குங்க."

கட்டுக்கு இருபத்தைந்து ரூபாய் மிச்சம். அதைவிட, ஒரு வாரத்தில் இன்னொரு மழை வரலாம், இன்னொரு ஆள் வந்து விலை ஏற்றலாம், லாரி கிடைக்காமல் போகலாம், அவரே மனம் மாறலாம். எனக்கு நான்கு பயம் ஒன்றாக வந்தது. லாரியை வரச் சொல்லிவிட்டேன். நூற்று நாற்பத்திரண்டு கட்டுகள். வந்து சேர்ந்தபோது வெயிலில் மேற்புறம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஒரு கட்டுக்குள் கையை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரமாக, சில்லென்று இருந்தது. அறுப்பில் மாட்டிய பச்சைக் கோரைப்புல்லும் இருந்தது. சில்லென்று இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மச்சினன் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போயிருந்தான். எனவே அடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஏற்றியிறக்க வந்த நான்கு பேரிடம் நான் சொன்னது இதுதான்: ஒரு அடுக்குக்கு இருபது, ஏழு அடுக்கு, உச்சியில் இரண்டு. கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் விரல் நுழையக் கூடாது. அப்படி இருந்தால் வெளியில் நின்றபடியே எண்ணிவிடலாம். ஒன்று குறைந்தாலும் பல் விழுந்த மாதிரி தெரியும். அவர்கள் மிதித்து மிதித்து அடுக்கினார்கள். சுவர் எழுப்பியது போல இருந்தது. அடுத்த இரண்டு நாள் தூறல் விட்டு விட்டு விழுந்ததால், தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, அடியில் செங்கல் வைத்து அழுத்தினேன். ஊருக்குள் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்தபோது அந்த வாசம் வந்தது.

திண்டுக்கல்காரனுக்குப் புகையிலை வாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டவுனுக்குள் பஸ் எந்தத் தெருவைக் கடக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அந்த அளவுக்குக் குடோன்கள் உண்டு. இது பாகு தெளித்துப் பதம் போட்ட புகையிலை. முன்னால் வெல்லம் காய்ச்சுவது போல ஓர் இனிப்பு, பின்னால் தொண்டையைத் தொடும் ஒரு காரம். முப்பது வருடம் மச்சினன் சட்டையில் இருந்தது அச்சு அசலாக இதே வாசம்.

அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூடுதலாக. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கறவை முடிந்து பால் போன பிறகு, தினமும் ஆறேகால் வாக்கில், மச்சினன் கொட்டகைக்குப் பின்னால் போகிறான். பத்து நிமிடம் யாரும் பார்க்காமல் நிற்கிறான். கழிப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கன்னம் புடைத்திருந்தது. நடுநடுவே குனிந்து துப்பினான்.

இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் போன மாத்திரை எவ்வளவு, பஸ் எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று கூட இருந்தவனுக்குத் தெரியும். மனைவியிடம் சொன்னேன்.

"எந்தம்பி மறுபடியும் அதத் தொடுவானா? ஒங்களுக்கு வேற சோலி இல்ல. அப்படி இருந்தா என் மூக்குக்குத் தெரியாதா?" என்றாள். அவளுக்கு அப்போது பத்து நாளாக ஜலதோஷம். குழம்பு தீய்ந்ததே தெரியவில்லை.

பிறகு மச்சினன் மனைவியிடம் போனேன். முறைக்கு அவள் எனக்குத் தங்கை. சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னா தங்கச்சி, மாப்ள ஒழுங்கா இருக்கானா?"

கையில் இருந்த தட்டை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தாள். "எதுக்குண்ணே கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளா நீங்க?" தட்டைக் கீழே வைத்தாள். குரலைத் தணித்தாள். "நானும் மூணு நாளா அவரு சட்டைப் பைய உதறி உதறிப் பாக்குறேன். ஒரு பொட்டலமும் சிக்க மாட்டேங்குது. ஆனா கொட்டகைக்குள்ள போயிட்டு வந்தா சட்டையில வாசம் அடிக்குது. கேட்டுருவோமான்னு வரும். கேட்டு, ஆமான்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஆக, ஒரே வாசத்தை இரண்டு பேர் முகர்ந்து, இரண்டு பேரும் பேசாமல் இருந்திருக்கிறோம். அன்றைக்கு அவன் பால் ஊற்றப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் கொட்டகையைச் சோதனை போட்டோம். கூரைச் சட்டத்தின் மேல், தகர மடிப்பில், பழைய கலப்பைக்கு அடியில், தீவன மூட்டைக்குள், எல்லா இடத்திலும் பொட்டலம் தேடினோம். வைக்கோலுக்குள் மட்டும் தேடவில்லை. விரல் நுழையாதபடி அடுக்கியவன் நான்தான். அங்கே யாரும் எதையும் ஒளிக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல், நான் ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமுமாகக் கொட்டகையைச் சுற்றிப் போய் அவனைப் பிடித்தோம். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவன் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். பேச முடியாதபடி வாய்க்குள் ஏதோ இருந்தது. விரலை விட்டு அதை மெதுவாக வெளியே இழுத்தான். எச்சில் முழங்கை வரைக்கும் ஒழுகியது. தோள் துண்டால் துடைத்துக்கொண்டு, அந்தப் பொருளை என் உள்ளங்கையில் வைத்தான்.

ஐஸ் குச்சிகள். கப் ஐஸ்கிரீமுக்குத் தருவார்களே, அந்தத் தட்டைக் குச்சி. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"எண்ணிப் பாருங்க மச்சான். நீங்கதான் எண்ணுற ஆளாச்சே."

எண்ணினேன். பதினாலு.

"தீவாளிக்கு ஒம்பதுதான் போச்சு" என்றான். "பல்லுக்கு நடுவுல சொருகி வெச்சுக்கிட்டே இருந்தா வாயி கொஞ்சங் கொஞ்சமாத் தொறக்கும்னு டாக்டரு சொன்னாரு. இருபது வரணுமாம். எச்சி ஒழுகும், கண்ணுல தண்ணி வரும், பாக்க அசிங்கமா இருக்கும். அதான் ஆளில்லாத எடத்துக்கு வாரேன். இப்பப் பாருங்க, வாயத் தொறக்கச் சொன்னீங்கள்ல."

திறந்தான். முடிந்தமட்டும் திறந்தான். இரண்டு விரல் அகலம் இருக்கும். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், அவன் விடவில்லை, செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே அடித்துக் காட்டினான். தையல் போட்ட தடம் வெள்ளையாக, மற்ற இடம் சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

தங்கச்சி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "இத வீட்டுக்குள்ள ஒக்காந்து செஞ்சா என்னவாம்? தெனமும் அஞ்சு மாட்டு எச்சியத் தொடைக்கிறேன். ஒங்க எச்சிதான் எனக்குப் பெருசாத் தெரியப் போகுதா?"

"மாட்ட சந்தேகப்பட்டு மோந்து பாக்க மாட்டல்ல நீ" என்றான்.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் தங்கச்சிதான் கேட்டாள்: "சரி, நீங்க போடல. அப்ப இந்த வாசம் எங்கருந்துதான் வருது?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "எனக்கு ஒரு வாசமும் தெரியல. கரண்டு வெச்சதுல மூக்கும் நாக்கும் பாதி செத்துப்போச்சு."

நாங்கள் கொட்டகையின் முன்பக்கம் வந்தோம். தார்ப்பாயின் உச்சியில் கோழிகள் உட்கார்ந்திருந்தன. ஒன்பது கோழிகளும். நான்கு நாளாகக் கூடையை விட்டுவிட்டு அங்கேதான் அடைகின்றன; கீரிக்குப் பயந்து மேலே ஏறுவதாக நினைத்திருந்தேன். அன்று எனக்கு நல்ல குளிர், ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கோழிகளோ சிறகைத் தளர்த்தி, வெயில் காய்வது போல வயிற்றை அழுத்திப் படுத்திருந்தன. ஒரு மூலையில் செங்கல்லை நகர்த்தி, தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டேன்.

இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. தார்ப்பாயின் உட்புறம் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அந்த ஆவியோடு சேர்ந்து, வெல்லமும் காரமுமாக, ஒரு குடோன் அளவுக்குப் புகையிலை வாசம் வந்தது.

"வைக்கலு புழுங்குது மச்சான்" என்றான் மச்சினன். தொழுவத்துக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். வெளியில் நின்றபடியே, கட்டுகளின் நடுவே பலங்கொண்டமட்டும் செருகினான். பத்து நிமிடம் விட்டோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருவியெடுத்து நுனியைத் தொட்டவன் சட்டென்று கையை உதறினான். அடுப்பில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

பத்திரிகையில் நான் எப்போதோ படித்தது அப்போது ஞாபகம் வந்தது. ஈரத்தோடு அழுத்தி அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் புளித்துச் சூடேறும். சூடு போக வழியில்லாவிட்டால் நெருப்பு வைக்காமலே தீப்பிடிக்கும். படித்தபோது நம்பவில்லை. எங்கள் பக்கம் வைக்கோல் படப்பு எரிந்தால், யாருக்கு யாரோடு பகை என்பதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். வைக்கோல்மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கொட்டகைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவில் நாலு அடிதான். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். எரியாத தீக்குக் கூப்பிடுகிறோமே, திட்டுவார்களோ என்று நாக்கு குழறியது.

"இன்னும் எரியல சார். எரியப் போகுதோன்னு பயமா இருக்கு. வைக்கோல்."

எதிர்முனையில் இருந்தவர் திட்டவில்லை. "நனைஞ்சத அடுக்குனீங்களா? எத்தன நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"நல்லதாப் போச்சு, இப்பவே கூப்புட்டீங்க. யாரும் மேல ஏறாதீங்க. உள்ள கருகிக் குழி விழுந்திருக்கும், ஆளு உள்ள போயிருவாரு. கரண்ட நிப்பாட்டுங்க. மாடு கன்னு இருந்தா அவுத்துத் தூரமாக் கட்டுங்க. தண்ணி ரொப்பி வைங்க. தார்ப்பாய் போட்டிருந்தா அத மட்டும் இழுக்காதீங்க, காத்து பட்டா குப்புன்னு பிடிச்சுக்கிரும். நாங்க வாரோம்."

மெயின் சுவிட்சை நிறுத்தினேன். தங்கச்சி மாடுகளை அவிழ்த்து வேலியோரப் புங்க மரத்தடிக்குக் கொண்டுபோனாள். ஐந்து என்று எண்ணினேன். போதவில்லை, மறுபடியும் எண்ணினேன். மோட்டாரையும் நிறுத்தியாகிவிட்டதால் தொட்டித் தண்ணீரைத்தான் குடம் குடமாக மொண்டு வைத்தோம். மச்சினன் கொட்டகையைப் பார்த்தபடி நின்றான். "ஆனி வரைக்கும் அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வண்டி வருவதற்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. அதற்குள் அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"எவன்யா வெச்சது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

தீயணைப்பு வீரர்கள் முதலில் குழாயை நீட்டித் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தார்ப்பாயின் ஒரு ஓரத்தைச் சுருட்டினார்கள். மேலே ஏறாமல், தரையில் நின்றபடியே, தொரட்டியால் வெளிவரிசைக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கொக்கிபோட்டு இழுத்தார்கள். இழுத்ததை எங்கள் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி எதிர்ப் பொட்டலுக்குக் கொண்டுபோய், தள்ளித் தள்ளிப் போட்டு, கயிற்றை அறுத்துப் பரப்பினார்கள். பொட்டல் எங்களுடையதல்ல. பக்கத்து வீட்டுக்கார அம்மாவுடையது. அவர் தயங்கி நின்றார்.

"வைக்கலப் போட்டுக்கங்க, அதுக்கில்ல. வெள்ளிக்கெழமையில வைக்கல வாசலத் தாண்டி வெளிய அனுப்பலாமா? லச்சுமி போயிர மாட்டாளா?"

"போகலக்கா" என்றாள் தங்கச்சி, இரண்டு கையிலும் வைக்கோலோடு. "உள்ள வெந்து சாகுறா, செத்த நேரம் காத்தாட ஒக்கார வாரா. காஞ்சதும் கூட்டிட்டு வந்துருவேன்."

அந்த அம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்.

மேல் மூன்று அடுக்குகளும் சூடாக இருந்தன, அவ்வளவுதான். நான்காவதில் நடுக்கட்டுகள் பழுப்பாக, பேரீச்சம்பழ நிறத்தில் வந்தன. அதற்குக் கீழே இழுக்க இழுக்கக் கருப்பு. ஒரு கட்டு பாதி வெளியே வந்தபோதே புகைந்தது. முழுதும் வெளியே வந்து காற்றுப்பட்டதும் ஊதிவிட்ட அடுப்பு போலப் பற்றிக்கொண்டது. பெண்கள் பின்னால் ஓடினார்கள். குழாயில் தண்ணீர் பீய்ச்சியது. இரண்டு நிமிடம்கூட இல்லை; அணைந்து, சாம்பலும் நீருமாக ஒழுகியது. அந்தக் கட்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கருகிய பள்ளம். மேலே ஏறிப் பார்த்துவிடலாம் என்று ஐந்து நாளில் எத்தனை தடவை நினைத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். மூட்டுவலி என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பத்தே முக்காலுக்கு வெயில் வந்தது. கடைசிக் கட்டும் வெளியே வந்த பிறகு எண்ணினேன். கருகியது ஒன்பது. பழுப்பேறி மாடு தொடாதபடி ஆனது இருபத்து மூன்று. மீதி நூற்றுப் பத்தும் பொட்டல் முழுக்கப் பொன் நிறத்தில் பரந்து கிடந்தது. மச்சினன் ஒரு கைப்பிடியை அள்ளி அவிழ்த்துவிட்ட மாட்டின் முன்னால் போட்டான். அது ஒரு தடவை முகர்ந்தது. என்னைப் போல ரொம்ப நேரம் முகரவில்லை. தின்றது.

"தப்பிச்சுச்சு" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நூத்திப் பத்து இருக்குல்ல? ஆனி வரைக்கும் வராட்டியும் வைகாசி வரைக்கும் வரும். மீதியப் பாத்துக்குவோம்."

தீயணைப்புக்காரர்கள் மோர் மட்டும் குடித்தார்கள். போவதற்கு முன் அவர்களில் மூத்தவர் ஒரு வேலை வைத்தார். ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்க வேண்டும். நொறுங்கினால் காய்ந்தது, கயிறு போலத் திரிந்தால் ஈரம். நொறுங்குகிற வரைக்கும் அடுக்கக் கூடாது. நான்கு நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். நான் நாளைக்கு மூன்று வேளை முறுக்கினேன். நான்காம் நாள் சாயந்திரம் என் உள்ளங்கையில் அது பொடியானபோது தங்கச்சி, "போதும்ண்ணே, மாட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள்.

இந்த முறை மச்சினன் அடுக்கினான். தொழுவத்தை விட்டு நாற்பது அடி தள்ளி, மின்கம்பி போகாத இடமாகப் பார்த்து, மேலே மட்டும் தகரம் போட்டு, நான்கு பக்கமும் திறந்து விட்டோம். தரையில் சவுக்குக் கம்புகளைக் குறுக்கே பரப்பி அதன்மேல் வைத்தான். கட்டுக்குக் கட்டு ஒரு கை இடைவெளி. அடுக்குக்கு அடுக்கு ஒரு சொளகு, ஒரு முறம் நிறைய, கல்லுப்பு தூவினான். உப்பு ஈரத்தை இழுக்கும், மாடும் ருசித்துத் தின்னும். நடுவில் கீழிருந்து மேல் வரை சிம்னி போல ஒரு வழி விட்டான். அதன் வழியாகப் பார்த்தால் மறுபக்கத்துத் தென்னை தெரியும். முதல் மூன்று வாரம் காலையும் மாலையும் கடப்பாரையைச் செருகி எடுத்துத் தொட்டுப் பார்க்கும் வேலை என்னுடையது. ஒரு நாளும் அது கையைச் சுடவில்லை.

"வெளிய நின்னு எண்ண முடியாதே மாப்ளே" என்றேன்.

"வழி விட்டுருக்கேன்ல. உள்ள போயி எண்ணுங்க."

கெட்டுப்போன முப்பத்திரண்டு கட்டுக்கு ஈடாகக் காய்ந்த வைக்கோலாகவே வாங்கிப் போட்டேன். மழை படாதது, சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல். பாதிப் பணத்தை அவன் என் சட்டைப் பைக்குள் திணித்தான். நான் எடுத்து அவன் பைக்குள் திணித்தேன். இப்படி இரண்டு நாள் போனது. கடைசியில் என் மனைவி, "அடுக்குனவரு குடுக்கட்டும்டா. அப்பத்தான் அடுத்த வருசம் கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு" என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு அதற்குள் ஜலதோஷம் விட்டிருந்தது.

பழுப்பேறிய கட்டுகள் தென்னை மூட்டுக்குப் போயின. சித்திரையில் ஒரு மாடு கிடேரிக் கன்று போட்டது, ஐந்து ஆறானது. கோடை முழுக்க எந்த மாடும் சந்தைக்குப் போகவில்லை. ஆனி மாதம் கிணற்றில் தண்ணீர் ஊறி, வரப்பில் புல் பச்சை வைத்த பிறகும் அடியில் நாலு கட்டு மிச்சம் இருந்தது. மச்சினன் வாட்ச்மேன் வேலையைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

எனக்கு ஆன செலவு: புது வைக்கோல் முப்பத்திரண்டு கட்டு, இருநூறு வீதம், ஆறாயிரத்து நானூறு. சவுக்குக் கம்பு பதினான்கு, நூற்றிருபது வீதம், ஆயிரத்து அறுநூற்று எண்பது. கல்லுப்பு ஒரு மூட்டை, இருநூற்று முப்பது. வரிசையில் நின்ற பன்னிரண்டு பேருக்கு டீயும் வடையும், இருநூற்று அறுபத்து நான்கு. மொத்தம் எட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்து நான்கு ரூபாய்.